எந்த டன்? எண்ணெய் நிறுவனத்தின் காலநிலை வாக்குறுதியைப் படிக்கும் முறை

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் மாமா போன வருடம் ஒரு போட்டோ அனுப்பினார். அவருடைய ஓய்வூதியப் பணம் எந்தெந்த நிறுவனங்களில் போடப்பட்டிருக்கிறது என்று காட்டும் பக்கம் அது. பட்டியலில் ஷெல், பி.பி. என்ற இரண்டு பெரிய எண்ணெய் நிறுவனங்களும் இருந்தன. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "ஏம்மா, இவங்க ரெண்டு பேருமே 2050-க்குள்ள நெட் ஜீரோ ஆயிடுவாங்கன்னு போட்டிருக்கு. நம்பலாமா? நீ இந்த வேலைதானே பார்க்கிற?"

ஆமாம், இந்த வேலைதான். (நெட் ஜீரோ என்றால், காற்றில் விடும் கார்பனும் காற்றிலிருந்து திரும்ப எடுக்கும் கார்பனும் சமமாகி, கழித்தால் பூஜ்யம் வருவது.) சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் எட்டு வருடமாக நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைத் திறந்து, அவை வெளியிடும் கார்பன் எண்களை எடுத்து, வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கான அட்டவணையில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். எண்ணெய் நிறுவனங்கள்தான் என் பிரிவு. மாமாவுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வீடியோ காலில் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதுகிறேன். கணக்கில் கூட்டல், கழித்தல், சதவீதம் தெரிந்தால் போதும். ஒரு லாங் சைஸ் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து தொடங்குங்கள்

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் முக்கால் கிலோ. அதை எரித்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். முக்கால் கிலோ எப்படி 2.3 கிலோ ஆகும் என்று மாமாவும் கேட்டார். பெட்ரோலில் பெரும்பகுதி கார்பன். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களை இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. கார்பனின் எடை 12 என்றால் சேர்ந்த பிறகு 44. அந்தக் கூடுதல் எடை முழுவதும் காற்றிலிருந்து வந்தது.

இப்போது அந்த லிட்டரின் பயணத்தைப் பின்னோக்கிப் பாருங்கள். கடலடியில் தோண்டும்போது புகை, சுத்திகரிப்பு ஆலையில் புகை, கப்பலிலும் லாரியிலும் புகை. ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பங்கு கடைசியில், உங்கள் வண்டியின் சைலன்சரில் வருகிறது. நிறுவனத்தின் வாக்குறுதியில் இந்த சைலன்சர் புகை உண்டா, இல்லையா? எந்த அறிக்கையைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

அறிக்கைகளில் இதற்கு வைத்திருக்கும் பெயர் ஸ்கோப். ஸ்கோப் 1 என்பது நிறுவனம் தானே எரிப்பது: கிணறு, ஆலை, வானத்தை நோக்கி எரியும் வாயுச் சுடர். ஸ்கோப் 2, வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்துக்குப் பின்னால் இருக்கும் புகை. மற்றதெல்லாம் ஸ்கோப் 3. அதற்குள் 15 உட்பிரிவுகள் உண்டு. விற்ற பொருளை வாங்கியவர் பயன்படுத்தும்போது வரும் புகை பதினோராவது. எண்ணெய் நிறுவனத்தில் அந்தப் பதினோராவதுதான் யானை. கோப்பைத் திறந்ததும் கண்ட்ரோல்-எஃப் அழுத்தி அதைத் தேடுங்கள்.

எவ்வளவு பெரிய யானை என்று பார்ப்போம். ஷெல்லின் 2023 அறிக்கையில் ஸ்கோப் 1, 2 சேர்த்து 57 மில்லியன் டன், நம் கணக்கில் 5 கோடியே 70 லட்சம் டன். அதே நிறுவனத்தின் ஸ்கோப் 3, நூறு கோடி டன்னைத் தாண்டுகிறது. பி.பி.யில் 2019-இல் ஸ்கோப் 1, 2 சேர்த்து 5.44 கோடி டன். அந்த வருடம் அவர்கள் தோண்டியெடுத்த எண்ணெயையும் எரிவாயுவையும் எரித்தால் வருவது 36.1 கோடி டன்.

ஆகவே "2030-க்குள் எங்கள் உமிழ்வைப் பாதியாக்குவோம்" என்று ஷெல் சொல்லும்போது அது அந்த 57-ஐப் பற்றிய பேச்சு. 2016-இல் 83 மில்லியனாக இருந்தது, 2023-இல் 57 ஆகியிருக்கிறது. இது நல்ல இறக்கம்தான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நூறு கோடிக்குப் பக்கத்தில் வைத்துத்தான் அதைப் பார்க்க வேண்டும். அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில் 2022 ஜனவரியில் அறிவித்த 2050 நெட் ஜீரோவைப் படித்தால், தான் இயக்கும் இடங்களின் ஸ்கோப் 1, 2-க்கு மட்டும்தான் அது என்பது தெரியும். சைலன்சர் புகை அதில் இல்லை.

நோட்டில் முதல் வரி: நிறுவனத்தின் பெயர், ஆண்டு, எந்த ஸ்கோப்புக்கு வாக்கு, எந்த ஸ்கோப்புக்கு இல்லை.

டன்னா, செறிவா?

அடுத்து, இலக்கு எந்த அலகில் இருக்கிறது என்று பாருங்கள். டன்னில் இருந்தால் நேரடியாகப் புரியும். ஷெல்லின் பெரிய இலக்கு டன்னில் இல்லை, "நிகர கார்பன் செறிவு" என்ற அளவில் இருக்கிறது. விற்கும் ஒவ்வொரு மெகாஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலுக்கும் எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு என்ற கணக்கு அது. 2016-இல் 79 கிராம், 2023-இல் 74 கிராம்.

இதில் எங்கே கவனிக்க வேண்டும் என்று மாமாவுக்கு நோட்டில் போட்டுக் காட்டினேன். ஒரு கடைக்காரர் நூறு அலகு எண்ணெய் ஆற்றல் விற்கிறார், அலகுக்கு 80 கிராம். மொத்தம் 8000 கிராம். அடுத்த வருடம் எண்ணெய் விற்பனையை ஒரு சொட்டும் குறைக்காமல், கூடவே 50 அலகு காற்றாலை மின்சாரத்தையும் வாங்கி விற்கிறார். இப்போது 8000-ஐ 150-ஆல் வகுத்தால் 53. செறிவு மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. வானத்துக்குப் போனது அதே 8000. மாமா சிறிது நேரம் பேசவேயில்லை. அப்புறம், "அப்போ அவங்க அறிக்கைப் படத்துல அந்தச் செறிவுக் கோடு இறங்குறதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது?" என்றார்.

சந்தோஷப்படலாம், ஆனால் பக்கத்திலேயே மொத்த டன்னும் இறங்க வேண்டும். செறிவு இறங்கும்போது மொத்தம் என்ன ஆனது என்று எப்போதும் இரண்டாவது கோட்டைக் கேளுங்கள். "நிகர" என்ற சொல்லையும் விடாதீர்கள். காடு வளர்ப்புத் திட்டங்களிலிருந்து வாங்கிய கார்பன் கிரெடிட்டுகளை, அதாவது வேறிடத்தில் குறைந்த கார்பனுக்கான சான்றுகளை, கழித்துக்கொள்ள அந்த ஒரு சொல் இடம் தருகிறது. கழிப்பதற்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லைக் கோடு

என் முதல் வருடத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்தின் உமிழ்வு ஒரே வருடத்தில் 12 சதவீதம் குறைந்ததாக அட்டவணையில் ஏற்றிவிட்டேன். முந்தைய ஆண்டறிக்கையிலிருந்து ஓர் எண், புதியதிலிருந்து ஓர் எண், கழித்தேன், அவ்வளவுதான். என் வேலையைச் சரிபார்க்கும் அக்கா என்னைக் கூப்பிட்டு, புதிய அறிக்கையின் அடிக்குறிப்பைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். நுணுக்கி எழுதிய ஒரு வரி: கணக்கிடும் எல்லை இவ்வருடம் மாற்றப்பட்டுள்ளது. பழைய வருடத்தையும் புதிய எல்லையில் திருத்திப் பார்த்தால் இறக்கம் ஒரு சதவீதம்கூட இல்லை. அந்த அட்டவணையை நம்பித்தான் யாரோ பணம் போட்டிருப்பார்கள். அன்றிலிருந்து நான் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அடிக்குறிப்பைப் பார்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

எல்லை இரண்டு விதம். "இயக்கக் கட்டுப்பாடு" என்றால் நிறுவனம் தானே நடத்தும் இடங்களின் புகை முழுவதும் அதன் கணக்கில் வரும். பங்கு மட்டும் வைத்திருக்கும் இடங்கள் வராது. "பங்கு அடிப்படை" என்றால், யார் நடத்தினாலும், எத்தனை சதவீதம் பங்கோ அத்தனை சதவீதப் புகை. ஒரு வருடம் இதிலும் மறு வருடம் அதிலும் எடுத்து ஒப்பிடக் கூடாது.

பி.பி. 2020-இல் தன் பெரிய வாக்குறுதிகளை அறிவித்தபோது ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டில் அதற்கு 19.75 சதவீதம் பங்கு இருந்தது. உலகின் மிகப் பெரிய எண்ணெய் நிறுவனங்களில் ஒன்றின் ஐந்தில் ஒரு பங்கு. உற்பத்தியைக் குறைப்போம் என்ற வாக்கில் அந்தப் பங்கு சேர்க்கப்படவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களில் அந்தப் பங்கிலிருந்து வெளியேறுவதாக பி.பி. அறிவித்தது.

விற்பனையும் இதே கதைதான். அலாஸ்காவில் இருந்த தன் தொழிலை, பழம்பெரும் புருடோ பே எண்ணெய் வயல் உட்பட, ஹில்கார்ப் என்ற நிறுவனத்துக்கு 560 கோடி டாலருக்கு விற்க பி.பி. 2019-இல் ஒப்புக்கொண்டது. 2020-இல் கைமாறியது. பெட்ரோகெமிக்கல் ஆலைகளை அந்த வருடக் கடைசியில் இனியோஸ் என்ற ரசாயன நிறுவனம் வாங்கியது. பி.பி. ஒப்பிடத் தொடங்கும் அடிப்படை ஆண்டு 2019. ஆகவே இவையெல்லாம் தொடக்கக் கணக்கில் இருக்கின்றன, பிற்காலக் கணக்கில் இல்லை. 54.4 மில்லியன் டன் 2023-இல் 32.1 ஆனது, 41 சதவீதம் குறைவு என்று அறிக்கை காட்டுகிறது. அந்த இறக்கத்தில் விற்பனையால் வந்தது எவ்வளவு, உண்மையாகவே சுடரை அணைத்தும் கசிவை அடைத்தும் குறைத்தது எவ்வளவு என்று பி.பி. தன் அறிக்கையில் பிரித்துச் சொல்கிறது. அந்தப் பத்தியைத் தேடிப் பிடித்து இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். கைமாறிய கிணறு அங்கேயேதான் இருக்கிறது. வேறொருவர் இறைக்கிறார். ஹில்கார்ப் பங்குச் சந்தையில் இல்லாத தனியார் நிறுவனம் என்பதால் அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்பது இன்னும் சிரமம்.

ஒரே வாக்குறுதியை வரிசையாக அடுக்குங்கள்

மாமாவுக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். ஓர் அறிக்கையைப் படித்தால் அந்த வருடத்தின் முகம் மட்டும் தெரியும். ஐந்தாறு வருட அறிக்கைகளை எடுத்து, ஒரே இலக்கு ஒவ்வொன்றிலும் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வரிசையாக எழுதினால்தான் அது நகர்வது தெரியும். நிறுவனத்தின் இணையதளத்தில் முதலீட்டாளர் பகுதியில் பழைய அறிக்கைகள் இருக்கும். பெரும்பாலும் இ.எஸ்.ஜி. (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) டேட்டாஷீட் என்று ஓர் எக்செல் கோப்பும் இருக்கும்.

பி.பி.யின் "2030-இல் எவ்வளவு எண்ணெய், எரிவாயு எடுப்போம்" என்ற ஒரே வரியை எடுத்துக்கொள்வோம். 2019-இல் ரோஸ்நெஃப்ட் நீங்கலாக ஒரு நாளைக்கு, எரிவாயுவையும் எண்ணெயாக மாற்றிய கணக்கில், 26 லட்சம் பீப்பாய்.

2020 பிப்ரவரி: புதிதாகத் தலைமைக்கு வந்த பெர்னார்ட் லூனி, 2050-க்குள் நெட் ஜீரோ என்று அறிவிக்கிறார். ஆகஸ்ட்: உற்பத்தியை 2030-க்குள் 40 சதவீதம் குறைப்போம். அதாவது ஏறக்குறைய 15 லட்சம் பீப்பாய். பெரிய எண்ணெய் நிறுவனம் ஒன்று இப்படிச் சொன்னதும் எங்கள் அலுவலகத்தில் வேலையை நிறுத்திவிட்டு அதைப் படித்தோம். எனக்கு அன்று உண்மையிலேயே நம்பிக்கை வந்தது.

2023 பிப்ரவரி: 40 சதவீதம் 25 சதவீதமாகிறது. சுமார் 20 லட்சம் பீப்பாய். முந்தைய வருடம், போரால் விலை ஏறியதில், பி.பி. சுமார் 2770 கோடி டாலர் லாபம் கண்டிருந்தது.

2025 பிப்ரவரி: லூனி போய் முர்ரே ஆக்கின்க்ளாஸ் வந்த பிறகு, குறைப்பே இல்லை. 2030-இல் 23 முதல் 25 லட்சம் பீப்பாய்.

15, 20, 23–25. நோட்டில் இந்த மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். "2050-ன்னு போட்டிருந்ததே, அது மாறவே இல்லையா?" என்று மாமா கேட்டார். 2050 என்ற ஆண்டு அப்படியே நின்றது. நடுவில் இருந்த படிகள்தான் ஒவ்வொன்றாகப் போயின. அதனால்தான் தூரத்து ஆண்டை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் 2030, 2035 இலக்குகளை மட்டும் நோட்டில் ஏற்றச் சொல்கிறேன்.

ஷெல்லிலும் இதேதான். செறிவை 2030-க்குள் 20 சதவீதம், 2035-க்குள் 45 சதவீதம் குறைப்போம் என்றிருந்தது. 2024 மார்ச்சில் வந்த ஆவணத்தில் 2030-க்கான எண் "15 முதல் 20 சதவீதம்" ஆனது. 2035 வரி காணாமல் போனது. அதே ஆவணத்தில் ஒரு புதிய வரியும் சேர்ந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்: தான் விற்கும் எண்ணெய்ப் பொருட்களை வாடிக்கையாளர்கள் எரிப்பதால் வரும் உமிழ்வை 2021-ஐ ஒப்பிட 2030-க்குள் 15 முதல் 20 சதவீதம் குறைக்கும் முனைப்பு. சைலன்சர் புகையை டன்னிலேயே தொடுகிறது என்பதால் எனக்கு இது முக்கியம். எரிவாயு இதில் இல்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

"முனைப்பு" என்றேன் அல்லவா? ஆங்கில அறிக்கையில் இலக்கு, நோக்கம், முனைப்பு மூன்றும் வெவ்வேறு சொற்கள். வக்கீல்கள் பார்த்துப் பார்த்துப் போட்டவை. இலக்கு கெட்டி, முனைப்பு இளக்கம். எந்தச் சொல் இருக்கிறதோ அதையே நோட்டில் எழுதுங்கள். அடுத்த வருடம் சொல் மாறினால் அதுவும் செய்தி.

யாரும் படிக்காத பக்கம்

அறிக்கையின் ஓரத்தில் "எச்சரிக்கைக் குறிப்பு" என்று சின்ன எழுத்தில் ஒரு பகுதி வரும். ஷெல்லின் ஆவணங்களில் அதைப் பொறுமையாகப் படித்தால் ஒரு விஷயம் தெரியும்: நிறுவனத்தின் திட்டங்கள் அதிகபட்சம் பத்து வருடத்துக்குத்தான் போடப்படுகின்றன, 2050 அந்தக் காலத்துக்கு வெளியே இருப்பதால் 2050 நெட் ஜீரோ இலக்கு அந்தத் திட்டங்களில் இடம்பெறவில்லை. அட்டைப்படத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் ஆண்டுக்கும், கணக்குப்பிள்ளை போடும் பட்ஜெட்டுக்கும் இடையே என்ன இருக்கிறது என்பதை நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. இந்தப் பக்கத்தை மாமாவைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன்.

அதற்கு அடுத்து முதலீட்டுச் செலவு அட்டவணை. பணம் எங்கே போகிறதோ நிறுவனமும் அங்கேதான் போகும். 2025 பிப்ரவரி அறிவிப்பில் பி.பி. எண்ணெய், எரிவாயுவுக்கு வருடம் சுமார் 1000 கோடி டாலர் என்று கூட்டியது. மாற்று ஆற்றல் தொழில்களுக்கு முன்பு திட்டமிட்டதிலிருந்து வருடத்துக்கு 500 கோடி டாலருக்கு மேல் வெட்டி, 150 முதல் 200 கோடி டாலர் என்று வைத்தது. இந்த இரண்டு எண்களை மட்டும் படித்தால்கூட அடுத்த ஐந்து வருடத்தின் திசை பிடிபட்டுவிடும்.

மீத்தேன் கசிவுக்கான எண்ணையும் ஒரு பார்வை பாருங்கள். எரிவாயுக் குழாயில் கசியும் மீத்தேன், இருபது வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல எண்பது மடங்குக்கு மேல் சூடேற்றும். அளந்த எண்ணா, சூத்திரம் வைத்து மதிப்பிட்ட எண்ணா என்று அடிக்குறிப்பில் இருக்கும்.

கோர்ட் இருக்கிறதே?

மாமாவின் மகன் கேட்ட கேள்வி இது. இருக்கிறது. நெதர்லாந்தின் மிலியூடிஃபென்சி என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, 17,000-க்கு மேற்பட்ட குடிமக்களைச் சேர்த்துக்கொண்டு ஷெல் மேல் வழக்குப் போட்டது. 2021 மே 26 அன்று ஹேக் மாவட்ட நீதிமன்றம், 2030-க்குள் 2019-ஐ ஒப்பிட 45 சதவீதம் நிகர உமிழ்வைக் குறைக்க உத்தரவிட்டது, ஸ்கோப் 3 உட்பட. 2024 நவம்பர் 12 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ரத்து என்றதும் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். உமிழ்வைக் கட்டுப்படுத்தும் கடமை ஷெல்லுக்கு உண்டு என்று அந்த நீதிமன்றமும் சொன்னது. எத்தனை சதவீதம் என்று ஒரு தனி நிறுவனத்துக்கு நிர்ணயிக்க முடியாது என்றது. மற்றவர்களிடம் வாங்கி விற்கும் எண்ணெய் வியாபாரத்தை ஷெல் விட்டுவிட்டால் அதை வேறொருவர் எடுத்துக்கொள்வார், உலகின் மொத்தம் குறையாது என்பதும் அதன் வாதம். வழக்கு 2025-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இந்திய நிறுவனப் பங்குகள் வைத்திருப்பவர்களும் இதே முறையைப் பயன்படுத்தலாம். சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் நிறுவனங்கள் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற, வணிகப் பொறுப்பும் நிலைத்தன்மையும் பற்றிய அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. அதில் ஆறாவது கொள்கைக்குப் போங்கள். ஸ்கோப் 1, 2 கட்டாயப் பகுதியில் இருக்கும். ஸ்கோப் 3 விருப்பப் பகுதியில் இருக்கும், ஆகவே பல இடங்களில் அந்தக் கட்டம் காலியாக இருப்பதைப் பார்ப்பீர்கள். காலி என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

கடைசியாக, கேளுங்கள். முதலீட்டாளர் தொடர்புக்கென்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. ஓய்வூதிய நிதிக்கும் உண்டு. "உங்கள் நெட் ஜீரோ உண்மையா?" என்று கேட்டால் விளம்பர வாசகம்தான் பதிலாக வரும். பக்க எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். மாமா தன் ஓய்வூதிய நிதிக்கு எழுதியது இப்படி: "பி.பி.யின் 2030 உற்பத்தி இலக்கு 2020-இலிருந்து மூன்று முறை எழுதப்பட்டிருக்கிறது. 2023-இலும் 2025-இலும் அது மாறியபோது, என் சார்பில் நீங்கள் எந்தப் பக்கம் வாக்களித்தீர்கள்?" பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது. வாக்களித்த விவரங்கள் அடங்கிய ஒரு கோப்பு, 64 பக்கம். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் உட்கார்ந்து படிக்கப்போகிறோம்.